யானைச் செடிக்குப் பின்னால்

ஆமத்தூர் விலக்கைத் தாண்டிச் சிவகாசிப் பக்கம் போகிறவர்கள் இடது கைப் பக்கம் ஒரு பெரிய பச்சைப் பலகையைப் பார்த்திருப்பார்கள். 'ராஜரத்தின விலாசம். பாரம்பரிய மாளிகையும் பூங்காவும். குடும்பத்தோடு வருக' என்று மேலே பெரிய எழுத்தில் இருக்கும். உள்ளே வந்தால் எதையெல்லாம் செய்யக்கூடாது என்று கீழே சின்ன எழுத்தில் இருக்கும். பலகையில் இடம் போதாமல் அது பக்கத்துச் சுவரிலும் தொடரும். அதை நின்று படித்து முடிக்கிற குடும்பம் களைத்துப்போய் வண்டியை இருக்கன்குடிக்குத் திருப்பிவிடும். கோயிலில் எவ்வளவு கூட்டம் இருந்தாலும் ஓரமாக எங்கேயாவது உட்காரவாவது விடுவார்கள்.

மாளிகையில் உட்கார முடியாது. நாற்காலிகளுக்கு அங்கே பஞ்சமில்லை. ஒவ்வொன்றின் மேலும் ஒரு பெரிய மனிதர் எப்போதோ உட்கார்ந்திருந்தார். அதனால் இனி யாரும் உட்காரக் கூடாது. ஒரு நாற்காலியில் வெள்ளைக்காரக் கலெக்டர் உட்காருவதாக இருந்து, அவசர வேலை வந்து, உட்காராமலே போய்விட்டார். அதற்கும் கயிறு கட்டியிருந்தார்கள். அதே கலெக்டர் தும்மிய ஜன்னலுக்குத் தனியாகப் பித்தளைத் தகடு உண்டு.

இத்தனையும் செழியன் முதலாளியின் ஏற்பாடு. மாளிகையைக் கட்டிய ராஜரத்தினம் பஞ்சு வியாபாரத்தில் சம்பாதித்தவர். கொள்ளுப்பேரன் செழியன் பட்டாசில் சம்பாதித்தவர். ஆனைக்குட்டம் பக்கம் அவருக்கு ஒரு பட்டாசுத் தொழிற்சாலை இருக்கிறது. எங்கள் பக்கத்தில் அதைப் பயராபீஸ் என்றுதான் சொல்வார்கள். கையில் நாலு காசு சேர்ந்ததும் சிலருக்குச் சர்க்கரை வரும். செழியனுக்கு வரலாறு வந்தது. கொள்ளுத்தாத்தா வீட்டுக்கு வெள்ளையடித்து, அறக்கட்டளை ஒன்றைப் பதிவு செய்து, அதற்குத் தலைவராகத் தன்னையே ஒருமனதாகத் தேர்ந்தெடுத்துக்கொண்டார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஞானஜோதி டீச்சரைச் செயலாளராக அமர்த்தினார். டீச்சர் பொறுப்பேற்ற நாளிலிருந்து மாளிகையில் காகம்கூட வரிசையில்தான் உட்காரும்.

வழிகாட்டி வேலை பானுப்பிரியாவுக்கு. செழியனின் பயராபீஸில் வெடிக்குள் மருந்து செலுத்துகிற செல்லச்சாமியின் மகள். விருதுநகரில் வரலாறு படித்தவள். தற்காலிக வேலைதான். ஆள் வராத மாளிகையில் அவள் தினமும் காலையில் ஒரு தடவையும் மாலையில் ஒரு தடவையும் நாற்காலிகளுக்கு வரலாறு சொன்னாள். "பயிற்சி விட்டுப்போகக் கூடாது" என்பது டீச்சரின் கொள்கை.

அவளுடைய அம்மா சண்முகத்தாய்க்கு அதுவே பெரிய நிம்மதி. சண்முகத்தாயும் பயராபீஸ்தான். அவள் கையில் ஏறிய வெள்ளி மருந்து எத்தனை சோப்புப் போட்டாலும் போகாது. சோற்றைப் பிசைந்தால் சோறும் மினுங்கும். "எம்மக கைய மட்டும் மினுங்க விட மாட்டேன்" என்று அவள் தெருவில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தாள். வேலை நிரந்தரமானால் இருக்கன்குடியில் கெடா வெட்டுவதாக நேர்ச்சையும் இருந்தது.

அந்த நேரத்தில்தான் மரபு மதிப்பீட்டுக் குழு வருவதாகத் தகவல் வந்தது. குழுவுக்குப் பிடித்துவிட்டால் பெரிய மானியம். குழு பார்க்க விரும்பியது ஒன்றே ஒன்றுதான்: வழிகாட்டியோடு ஒரு குடும்பம் தனியாகச் சுற்றிப் பார்க்கிற காட்சி.

செழியன் டீச்சரைப் பார்த்தார். டீச்சர் கூரையைப் பார்த்தார். வழிகாட்டி இருக்கிறாள், மாளிகை இருக்கிறது, குடும்பத்துக்கு எங்கே போவது?

"ஏம்மா, ஒனக்குக் குடும்பம் இருக்குல்ல?" என்று செழியன் பானுப்பிரியாவிடம் கேட்டார். "அவுகள கூட்டிட்டு வா. நல்லபடியா முடிஞ்சா ஒன் வேலைய நிரந்தரமாக்கிருவோம். டீச்சர், குறிச்சுக்கோங்க."

டீச்சர் குறித்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை ஒத்திகைக்குச் செல்லச்சாமி, சண்முகத்தாய், அவள் தம்பி சோணைமுத்து, அவன் மனைவி பாண்டிலட்சுமி ஆகிய நால்வரும் வந்தார்கள். நான்கு பேரும் ஒரே பயராபீஸ். பயராபீஸ்காரர்களுக்கு உடம்பிலேயே ஊறிப்போன சில பழக்கங்கள் உண்டு. கேட்டுக்கு வந்ததும் யாரும் கேட்காமலே செல்போனையும் தீப்பெட்டியையும் எடுத்து வாட்ச்மேனிடம் கொடுத்தார்கள். செருப்பை வெளியே வரிசையாக விட்டார்கள். உடம்பில் இருக்கிற மின்சாரம் இறங்குவதற்காகப் பயராபீஸ் ரூம் வாசலில் ஒரு செம்புத் தகடு வைத்திருப்பார்கள். உள்ளே போகுமுன் அதைத் தொட்டுவிட்டுத்தான் போக வேண்டும். இங்கே கலெக்டர் தும்மிய பித்தளைத் தகடு கண்ணில் பட்டது. நால்வரும் பயபக்தியோடு அதைத் தொட்டுவிட்டு உள்ளே போனார்கள்.

டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. "முப்பத்தாறு வருசம் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்திருக்கேன். இம்புட்டு மரியாதைய நான் பாத்ததில்ல" என்றார். அன்றைக்கே சுவரில் ஒரு வரி கூடுதலாக ஏறியது: 'பார்வையாளர்கள் கலெக்டர் தகட்டைத் தொட்டு வணங்கிய பின்னரே அனுமதிக்கப்படுவர்.'

உரிமத்தில் போட்டபடி ஒரு ரூமுக்கு நாலு பேர்தான் என்பது பயராபீஸ் சட்டம். மகளையும் சேர்த்தால் ஐந்து ஆகிறதே என்று செல்லச்சாமி எந்த அறைக்குள்ளும் போகாமல் வாசலிலேயே நின்றார். மாளிகை முழுவதையும் நிலைப்படிக்கு வெளியிலிருந்து எட்டிப் பார்த்தே முடித்தார்.

"ஐயா உள்ள வரலாம்ல?" என்றார் டீச்சர்.

"இருக்கட்டும் டீச்சர். ஆள் சரியா இருக்கு."

அதைப் பணிவு என்று டீச்சர் எடுத்துக்கொண்டார்.

ஒத்திகையில் ஒரே ஒரு சிக்கல் வந்தது. சரவிளக்கைப் பற்றிப் பானுப்பிரியா சொல்லி முடித்ததும் குடும்பத் தலைவி 'ஆகா' என்று சொல்ல வேண்டும் என்பது டீச்சரின் ஏற்பாடு. சண்முகத்தாய்க்கு அது வரவே இல்லை. கலெக்டர் தும்மியதற்கு ஆகா என்றாள். பெல்ஜியத்திலிருந்து வந்த குளியல் தொட்டியில் இதுவரை யாரும் குளித்ததில்லை என்றதும், "பெறவு எதுக்கு வாங்குனாக?" என்று கேட்டாள். சரவிளக்குக்கு வரும்போது வாயைத் திறக்காமல் மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சண்முகத்தாய், இங்கனதான் ஆகா சொல்லணும்" என்றார் டீச்சர்.

"மறந்துட்டேன் டீச்சர். புள்ள எம்புட்டு அழகாப் பேசுதுன்னு பாத்துக்கிட்டு இருந்துட்டேன்."

இனி நடந்தது புரிய வேண்டுமானால் பயராபீஸின் இன்னொரு பழக்கத்தையும் சொல்லியாக வேண்டும். நாலு பேர் ரூமில் நாலு பேர் வேலை பார்த்தால் தீபாவளி ஆர்டர் பொங்கலுக்குத்தான் முடியும். ஆகவே செழியனின் கம்பெனியில் சீசன் நேரத்தில் பத்துப் பேர் உட்காருவார்கள். ஆய்வு ஜீப் தூரத்தில் தெரிந்ததும் வாட்ச்மேன் பாண்டிச்செல்வம் மரத்தில் தொங்குகிற தண்டவாளத் துண்டை விட்டு விட்டு அடிப்பான். அதிகப்படி ஆட்கள் எழுந்து பின்பக்கக் கருவேலங்காட்டுக்கு ஓடிவிடுவார்கள். யாருக்கு எந்த முள்மரம் என்பதுகூட முடிவாகியிருக்கும். வந்தவர்கள் முதலாளியோடு டீ குடித்து முடிப்பதற்குள் ரூமில் கணக்குச் சரியாகிவிடும். ஜீப் போன பிறகு இன்னொரு மணி அடிக்கும். அதுவரை யாரும் தலையைத் தூக்கக் கூடாது. சண்முகத்தாய் இந்த ஓட்டத்தைத் தீப்பெட்டி ஆபீஸில் பாவாடை கட்டிய காலத்திலேயே பழகியவள். பானுப்பிரியாவும் பள்ளிக்கூட லீவில் அம்மாவோடு போய் முள்ளுக்குள் உட்கார்ந்திருக்கிறாள்.

குழு வரும் நாளில் மாளிகைக் கேட்டைப் பார்த்துக்கொள்ள நம்பிக்கையான ஆள் வேண்டும் என்று செழியன் பாண்டிச்செல்வத்தைக் கம்பெனியிலிருந்து வரவழைத்தார். "ஜீப்பு தெரிஞ்சதும் உள்ள தெரியப்படுத்து" என்று மட்டும் சொன்னார். பாண்டிச்செல்வத்துக்குத் தெரியப்படுத்த ஒரே ஒரு வழிதான் தெரியும். தண்டவாளத் துண்டையும் கையோடு கொண்டுவந்திருந்தான்.

அன்று காலை குடும்பம் குளித்துப் புதுத் துணி உடுத்தி, தகட்டைத் தொட்டு, கூடத்தில் நின்றது. செல்லச்சாமி வழக்கம்போல் வாசலில். பானுப்பிரியா கையில் பிரம்போடு, "மேலே நீங்கள் காண்பது இத்தாலி நாட்டுச் சரவிளக்கு" என்று தொடங்கினாள். சண்முகத்தாய் 'ஆகா'வை நாக்கு நுனியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

தண்டவாளம் ஒலித்தது. கூடம் காலியானது.

யாரும் யோசிக்கவில்லை. யோசிக்கிற இடத்துக்குச் சேதி போகுமுன் கால் போய்விட்டது. செல்லச்சாமி வாசலிலிருந்து ஒரே தாவில் பூங்காவில் இருந்தார். சோணைமுத்து பின்வாசல் வழியாகப் பெண்டாட்டியை இழுத்துக்கொண்டு ஓடினான். சண்முகத்தாய் மகளின் கையைப் பிடித்து இழுக்கவில்லை. அதற்கு அவசியமே வரவில்லை. பானுப்பிரியா பிரம்பைக் கீழே போட்டுவிட்டு அம்மாவுக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்தாள்.

பூங்காவில் செடிகளை மிருகங்களாக வெட்டி வைத்திருந்தார்கள். யானை ஒன்று, மயில் ஒன்று. குதிரையாக வெட்டத் தொடங்கித் தண்ணீர்ப் பஞ்சத்தில் ஒட்டகமாக நின்றுபோனது ஒன்று. ஆளுக்கு ஒரு மிருகத்துக்குப் பின்னால் மறைந்தார்கள். யானை செல்லச்சாமிக்கு. அம்மாவும் மகளும் மயிலுக்குப் பின்னால்.

ஞானஜோதி டீச்சர் கும்பிட்ட கையோடு குழுவைக் கூடத்துக்குள் அழைத்துவந்தார். "இதோ, எங்கள் மாளிகைக்கு அன்றாடம் வருகை தரும் குடும்பங்களுள் ஒன்று" என்று கையை நீட்டினார். கை காட்டிய இடத்தில் ஒரு பிரம்பு கிடந்தது.

குழுத் தலைவர் ஓய்வுபெற்ற பேராசிரியர். "எங்கே?" என்றார்.

செழியனுக்கு ஒரு நொடியில் விளங்கிவிட்டது. அந்த ஓட்டத்தை அவரைவிட நன்றாக அறிந்தவர் யார்? ஆனால் விளக்க முடியாது. "பூங்காவுல இருக்காக சார். இயற்கையோட ஒன்றிப்போயி இருக்காக" என்றார். அதில் பொய் ஒன்றும் இல்லை.

குழு பூங்காவுக்குப் போனது. ஒன்றிப்போனவர்கள் வெளியே வரவில்லை. இரண்டாவது மணி அடிக்கவில்லையே. யானைக்கு நாலு காலோடு இன்னும் இரண்டு கால் இருப்பதைப் பேராசிரியர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மாட்டிப் பார்த்தார். டீச்சர் மெல்லிய குரலில், "சண்முகத்தாய், வெளிய வாங்க. அசிங்கமாயிரும்" என்றார். மயில் மூச்சுவிட்டது.

மயிலுக்குப் பின்னால் பானுப்பிரியாவுக்கு அழுகை வந்தது. காலேஜ் படித்து, சுத்தத் தமிழ் பழகி, ஒரு வருடம் நாற்காலிகளுக்கு வரலாறு சொல்லி, ஒரு சத்தம் கேட்டதும் ஓடிவந்துவிட்டோமே என்று தன்மேலேயே வெறுப்பாக இருந்தது. பக்கத்தில் அம்மா தலையைக் குனிந்து முழங்காலில் முகத்தைப் புதைத்திருந்தாள். வேலை போய்விட்டது என்று பானுப்பிரியாவுக்குத் தெரிந்தது. போன வேலைக்காகக் குனிந்து உட்கார்ந்திருப்பதில் என்ன லாபம்? எழுந்து நின்றாள். தலையில் இலை ஒட்டியிருந்தது.

"அன்பான விருந்தினர்களே" என்றாள், வழிகாட்டிக் குரலில். "அடுத்ததாக நீங்கள் காண்பது எங்கள் குடும்பத்தின் ஒளியும் மரபு. ஆய்வு ஜீப் வந்ததும் கணக்குக்கு மேற்பட்ட ஆட்கள் காட்டுக்குள் மறைவார்கள். என் அம்மா பத்து வயதுக்குள் இதைக் கற்றுக்கொண்டார். நான் அம்மாவிடம் கற்றேன். ஓடுகிற வழியில் செருப்பை விடப்படாது, இருமப்படாது, மறு மணி அடிக்கும் வரை எழப்படாது." கடைசியில் ஊர்ப் பேச்சு கலந்துவிட்டது. "இந்த மரபின் புரவலர் அதோ, உங்கள் பக்கத்திலேயே நிற்கிறார்."

செழியன் முகத்தில் ரத்தம் இல்லை. டீச்சர் சிலுவை போட்டுக்கொண்டார்.

பேராசிரியர் உணர்ச்சிவசப்பட்டுவிட்டார். "வாழும் மரபு!" என்றார். "நாடு முழுக்க மாளிகை பார்த்து எனக்கு அலுத்துவிட்டது. எங்கே போனாலும் சரவிளக்கு. இது உடலிலேயே தங்கிப்போன நினைவு. இதை எழுதிக்கொள்ளுங்கள்." கூட வந்தவர்கள் எழுதிக்கொண்டார்கள். பேராசிரியர் செழியனின் கையைப் பிடித்தார். "இப்படி ஒரு பொக்கிஷம் வேறு எங்கேயாவது புழக்கத்தில் இருக்கிறதா?"

பாராட்டு என்று வந்துவிட்டால் செழியனுக்கு மற்றது மறந்துபோகும்.

"வேற எங்கயும் பாக்க முடியாது சார்" என்றார். போன ரத்தம் முகத்துக்குத் திரும்பிவிட்டது. "எங்க அப்பா காலத்துலருந்து எங்க கம்பெனில கட்டிக் காப்பாத்துறோம். சீசன்ல வாங்க, காட்டுறேன். எம்புட்டுப் பேரு இருந்தாலும் ஒரு சத்தம் இல்லாம மறைஞ்சிருவாக. மத்த கம்பெனிக்காரங்களும் செய்றாங்கதான். இந்த நேர்த்தி அவங்களுக்கு வராது."

அதையும் எழுதிக்கொண்டார்கள்.

மானியம் வந்தது. குழுவின் அறிக்கை படத்தோடு அச்சாகி எல்லா அரசு அலுவலகங்களுக்கும் போனது. செழியன் தம் பேச்சு வந்த பக்கத்தைச் சட்டம் போட்டு, கலெக்டர் தும்மிய ஜன்னலுக்கு மேலே மாட்டினார். மானியத்தோடு ஒரு நிபந்தனையும் வந்திருந்தது. சனி, ஞாயிறுகளில் ஒளியும் மரபைப் பார்வையாளர்களுக்கு நேரடியாக நிகழ்த்திக் காட்ட வேண்டும். மரபைச் சுமக்கிறவர்களே மரபை விளக்கினால் நம்பகத்தன்மை குறைந்துவிடும்; ஆகவே விளக்குவதற்கு வெளியாள் வேண்டும்.

வெளியாளாகச் செழியனின் தங்கை மகள் ரோஷினி வந்தாள். பானுப்பிரியாவின் வேலையும் சொன்ன சொல் தவறாமல் நிரந்தரமானது. ஒளிகிற வேலை.

"பி.எஃப். உண்டும்மா" என்றார் டீச்சர். அவர் குரலிலேயே கொஞ்சம் வெட்கம் இருந்தது.

அரங்கேற்ற நாளில் கூட்டம் பரவாயில்லை. விருதுநகரிலிருந்து சில குடும்பங்கள் வந்து, தகட்டைத் தொட்டு, செருப்பை விட்டு, கூடத்தில் வரிசையாக நின்றன. ஒளிகிறவர்களுக்குச் சீருடை கொடுத்திருந்தார்கள். செடியோடு செடியாகத் தெரிவதற்காக இலைப் பச்சை நிறம். பானுப்பிரியா அதை உடுத்திக்கொண்டு வந்து நின்றபோது சண்முகத்தாய் அவளை மேலும் கீழும் பார்த்தாள். கயிற்றைத் தள்ளிவிட்டு, கலெக்டர் உட்காராமல் போன நாற்காலியில் போய் உட்கார்ந்தாள்.

டீச்சர் பதறி ஓடிவந்தார். "சண்முகத்தாய், எந்திரிங்க. இப்ப மணி அடிச்சிருவாக. ஓடணும்."

"நான் ஓடல டீச்சர்."

"கால் வலியா?"

"வலியெல்லாம் ஒண்ணுமில்ல. நான் முள்ளுக்குள்ள ஒளிஞ்சேன், வயித்துப்பாட்டுக்கு. எம்மக ஒளியக்கூடாதுன்னுதான் காலேசுக்கு அனுப்புனேன். இப்ப பச்சச் சேல குடுத்து நிரந்தரமா ஒளின்னு சொல்றீக. இவ ஓட மாட்டா. நாங்களும் ஓட மாட்டோம்."

செல்லச்சாமி வாசலில் நின்றபடி மனைவியையும் கூடத்தில் இருந்த தலைகளையும் பார்த்தார். எண்ணிப் பார்க்கவில்லை. முதல் தடவையாக நிலைப்படியைத் தாண்டி உள்ளே வந்து அவள் பக்கத்தில் நின்றார்.

அப்போது தண்டவாளம் ஒலித்தது. நேரத்துக்கு முன்பாகவே ஒலித்தது. பார்வையாளர்கள் ஆவலோடு பூங்காவைப் பார்த்தார்கள். ரோஷினி தாளை விரித்து, "இதோ ஓடுகிறார்கள்" என்று வாசித்தாள். யாரும் ஓடவில்லை. பாண்டிலட்சுமியின் கால் மட்டும் லேசாக எழுந்து பிறகு இறங்கியது.

செழியன் கோபத்தோடு கேட்டுப் பக்கம் திரும்பினார். உள்ளே வந்துகொண்டிருந்தது சுற்றுலா வண்டி இல்லை. அறிக்கையைப் படித்துவிட்டு, கம்பெனிக்குப் போய் எண்ணிப் பார்த்துவிட்டு, முதலாளி எங்கே என்று விசாரித்துக்கொண்டு வந்த ஆய்வு ஜீப். இந்தத் தடவை டீ குடிக்கிற ஆட்களாகவும் தெரியவில்லை. இறங்கியவர்களில் ஒருவர் கையில் அறிக்கை இருந்தது. செழியனின் படம் போட்ட பக்கத்தில் விரலை வைத்திருந்தார்.

செழியன் ஓடினார்.

அவருடைய வாழ்க்கையில் அதுதான் முதல் ஓட்டம். பூங்காவில் எந்த மிருகம் யாருக்கு என்று தெரியாமல் ஒட்டகத்திடம் போய், அங்கே உடம்பு மறையாமல், திரும்பி யானைக்குப் பின்னால் பதுங்கினார். யானையின் பின்பாகம் வெயிலில் காய்ந்து ஓட்டை விழுந்திருந்தது. அது வழியாக வெள்ளைச் சட்டை பளிச்சென்று தெரிந்தது. பார்வையாளர்கள் கைதட்டினார்கள்.

ரோஷினி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இதற்கு அதில் எதுவும் இல்லை. பானுப்பிரியா அவள் கையிலிருந்த பிரம்பை வாங்கிக்கொண்டு படியில் ஏறி நின்றாள்.

"அன்பான விருந்தினர்களே, யானைச் செடிக்குப் பின்னால் நீங்கள் காண்பவர் இந்த மரபின் தலைமைப் புரவலர். இதுநாள் வரை மற்றவர்களை ஒளிய வைத்து வந்தார், தாம் ஒளிந்ததில்லை. பழக்கம் இல்லாததால் செருப்போடு ஓடினார், ஒரு செருப்பை வழியிலும் விட்டுவிட்டார். கால் வெளியே தெரிவதும் அதனால்தான். மறு மணி அடிக்கும் வரை அவர் எழ மாட்டார். அருகில் சென்று பார்க்கலாம். படம் எடுக்க அனுமதி உண்டு."

ஆய்வுக்கு வந்தவர்களும் கூட்டத்தோடு கூட்டமாக நின்று கேட்டுவிட்டு, யானையை நோக்கி நடந்தார்கள். பாண்டிச்செல்வம் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் அதை அடிக்கிற கம்பியைப் பிடித்தபடி நின்றான். மறு மணியை அவன் அடிக்கவில்லை.

உட்காரக் கூடாத நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டு, "ஆகா" என்றாள் சண்முகத்தாய்.

ஞானஜோதி டீச்சர் பழக்கதோஷத்தில் தலையை ஆட்டினார். இந்தத் தடவை இடம் சரியாக இருந்தது.